ஒரு ஆள் மிச்சம்

இடது கன்னத்தை மழித்து முடித்து, வலது கன்னத்துக்கு ஜெசிந்தா நுரை பூசிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. அவள் கை ஈரமாக இருந்தது. கட்டிலில் கிடந்த ஏசுபாதம் கண்ணைத் திறக்காமலே, "கலைதான். எடு, எடு" என்றார்.

மூன்று நாளாகக் கஞ்சித் தண்ணீர்கூட அவருக்கு உள்ளே இறங்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் கோயிலிலிருந்து ஃபாதர் வந்து எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுப் போயிருந்தார். செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினான்கு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கும் ஜெசிந்தாவுக்கு, அப்பாவுக்கு இன்றோ நாளையோ என்று தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் காலையில் கண் விழித்ததும் அவர் கேட்டது ஒன்றைத்தான். முகம் மழித்துவிட வேண்டும். ஆட்டமுள்ள நாளில் கோச் தாடியோடு நின்றால் பையன்களுக்கு ஆட்டத்தில் மரியாதை இருக்காது என்பது அவர் கட்சி. மைதானம் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் செங்கல்பட்டில் இருந்தது. அவர் புதுப்பட்டினம் கடைத்தெருவுக்குப் பின்னால், தன் வீட்டு முன்னறையில், முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்துக் கிடந்தார். அதையெல்லாம் அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெசிந்தா ஸ்பீக்கரைப் போட்டு, கைப்பேசியைக் கட்டிலோரத்து முக்காலியில் மருந்துப் புட்டிகளுக்கு நடுவில் வைத்தாள். அந்த முக்காலிக்கு மருந்து வைக்கும் வேலை மூன்று மாதமாகத்தான். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் அதற்கு ஒரே வேலை. உதவிக் கோச் கலைவாணன் வீட்டுக்கு வந்தால் அவன் வலது காலை நீட்டி வைக்க வேண்டும். அந்த முட்டி மடங்காது. அவன் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஏசுபாதம் எழுந்துபோய் முக்காலியைத் தூக்கிவந்து அந்தக் காலுக்குக் கீழே தள்ளுவார். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

"சார், டீம் சொல்லிட்டேன். நீங்க சொன்னாப்லதான்" என்றான் கலைவாணன். "சாம மட்டும் முதல்லயே எறக்கலாமான்னு பாக்கறேன். பையன் பறக்கிறான் சார்." சாம்தான் அணியில் கோல் போடுகிற பையன்.

ஏசுபாதத்தின் உதடு அசைந்தது. ஜெசிந்தா குனிந்து கேட்டு, அப்படியே திருப்பிச் சொன்னாள். "சாம மிச்சம் வை, மிச்சம் வைன்றாரு."

எதையும் இரண்டு தடவை சொல்வது அவர் பழக்கம். முதல் தடவை சொல்வதைக் கடற்காற்று கொண்டுபோய்விடும், இரண்டாவதுதான் பையன் காதுக்குப் போகும் என்பார். படூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருஷம் கால்பந்து அணிக்குக் கோச். "பத்திரம், பத்திரம்" என்று கோட்டோரம் நின்று கத்திக் கத்தியே அவருக்குப் பத்திரம் சார் என்று பெயர் வந்தது. ஆட்டத்தில் ஐந்து பேரை மாற்றலாம் என்றால் அவர் நாலோடு நிறுத்திவிடுவார். ஐந்தாவது ஆள் கடைசி விசில் வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். யாராவது அடிபட்டால் அவன். இல்லாவிட்டால் காலுறையைக்கூடக் கழற்றாமல் வேனில் ஏற வேண்டும். இதனால் தோற்ற ஆட்டங்கள் உண்டு. பயந்தாங்கொள்ளி என்று ஊரே சிரித்தது. அதே ஊர், அவரைப் பைத்தியம் என்றும் சொன்னது. ஒரு கோல் பின்தங்கிவிட்டால் போதும், பின்னால் நிற்கிற ஸ்டாப்பரையும் முன்னால் ஓட விட்டுவிடுவார். அப்படி ஓட விட்டு ஒரு தடவை ஐந்து கோல் வாங்கிக்கொண்டு வந்தார். ஒரே ஆளுக்கு எப்படி இரண்டு பட்டமும் பொருந்தும் என்று யாரும் யோசித்ததில்லை. ஜெசிந்தாவும்தான் யோசித்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் அரையிறுதியில் தோற்றுவிட்டு வந்தவரிடம், விருந்தாளிகள் இருக்கும்போதே அவள் சொல்லிவிட்டாள். "உனுக்கு ஜெயிக்கவே பயம்பா." அவர் சாப்பிட்டுக்கொண்டே, "ஆமாமா, ஆமா" என்றார். அந்த இரண்டு ஆமாவும் அவளுக்குள் இன்னும் உறுத்திக்கொண்டிருந்தன.

வலது கன்னத்தையும் மழித்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் முகம் துலக்கமாக இருந்தது.

மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கியது. மண்டல இறுதி ஆட்டம். இந்தக் கல்லூரி இதுவரை பல்கலைக்கழகப் போட்டியின் வாசலைப் பார்த்ததில்லை. இதில் ஜெயித்தால் பார்க்கலாம். கலைவாணன் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு கோட்டோரம் நொண்டி நடந்தபடியே ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டு வந்தான். ஏசுபாதம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கால்மாட்டில் அம்மா ரெஜினா ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். பந்து என்றாலே அவளுக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒரு நாள் சேர்ந்து வந்ததுண்டா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடி வந்ததுண்டா என்று முப்பத்தேழு வருஷமாகப் பந்தோடு சக்களத்திச் சண்டை போட்டவள்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஸ்டான்லி மாமா காவல் இருந்தார். ரெஜினாவுக்குத் தம்பி, கோயில் கமிட்டியில் முக்கியஸ்தர். ஊரில் யார் செத்தாலும் ஐஸ் பெட்டி, சாமியானா, ஃப்ளெக்ஸ் எல்லாம் அரை மணி நேரத்தில் அவர் கையால் நடந்துவிடும். மச்சானுக்கும் போட்டோ தேர்ந்தெடுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எழுதி, பெயர் போட்டு, தேதிக்கு மட்டும் இடம் விட்டுக் கைப்பேசியில் தயாராக வைத்திருந்தார். நல்ல மனிதர்தான். கொஞ்சம் சுறுசுறுப்பு ஜாஸ்தி.

முதல் பாதியில் கோல் இல்லை. "வாசுவ பேசச் சொல்லு, பேசச் சொல்லுன்றாரு" என்று ஜெசிந்தா ஒரு தடவை சொன்னாள். வாசுதேவன்தான் ஸ்டாப்பர், நெட்டையன், ஊமைக்கோட்டான். இரண்டாம் பாதியில் பத்து நிமிஷம் ஆனபோது எதிரணி ஒரு கோல் போட்டது. போர்வைக்கு மேல் இருந்த ஏசுபாதத்தின் விரல் ஒன்று லேசாக நிமிர்ந்து படுத்தது. அதற்குப் பிறகு மூச்சு மாறியது.

அந்த மூச்சை அவள் எத்தனையோ வார்டுகளில் கேட்டிருக்கிறாள். ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே எண்ணத் தொடங்கினாள். பத்து. பதினாறு. இருபத்தைந்து. கைப்பேசியில் தன் பக்கத்துச் சத்தம் போகாதபடி நிறுத்திவிட்டு, அப்பாவின் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா எழுந்து வந்து நெற்றியில் சிலுவை போட்டாள். அடுத்த மூச்சு வரவில்லை. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். சுவர்க் கடிகாரம் நாலு ஐம்பது காட்டியது. கண்ணீர் வருவதற்கு முன்னால் நேரத்தைப் பார்த்துவிட்ட தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

முக்காலியிலிருந்து கலைவாணன் கேட்டான். "ஜெசியக்கா, லைன்ல கீறியா? சாரு கேட்டுகினு கீறாரா? இருபத்தஞ்சு நிமிசம் கீதுக்கா இன்னும்."

ஜெசிந்தா கைப்பேசியை எடுத்தாள். அந்தப் பதினாறு பையன்களும் சாருக்காக ஆடுகிறோம் என்று காலையில் வீடியோ அனுப்பியிருந்தார்கள். சார் போய்விட்டார் என்று இப்போது சொன்னால் அந்த நிமிஷமே ஆட்டம் முடிந்துவிடும். சொல்லாமல் இருப்பது எப்படி என்றும் அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

ரெஜினாவின் வாய் அழுவதற்காகத் திறந்துவிட்டது. ஊர் கூடுகிற மாதிரி அழக்கூடியவள் அவள். திறந்த வாய்க்குள் புடவை முந்தானையைத் திணித்துக்கொண்டாள். கைப்பேசியைக் காட்டித் தலையாட்டினாள். பேசு என்று சைகை செய்தாள்.

"அம்மா..."

முந்தானையை எடுத்துவிட்டு ரெஜினா கிசுகிசுத்தாள். "மூணு மாசமா இந்த ஒரு ஆட்டத்த நெனச்சிகினேதான்டி உசுர வச்சிகினு கெடந்தாரு. பசங்க ஆடி முடிக்கட்டும். நான் அழமாட்டேன். நீ பேசு." மறுபடியும் முந்தானை வாய்க்குள் போயிற்று.

ஜெசிந்தா பொத்தானை அழுத்தினாள். "கேட்டுகினு கீறாரு, கலை. சொல்லு."

அந்தச் சமயம் பார்த்து ஸ்டான்லி மாமா உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். உடனே கை சட்டைப் பைக்குள் போய்விட்டது. அந்த அஞ்சலிப் படம் ஸ்டேட்டஸில் ஏறினால், மைதானத்து பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியை நோண்டிக்கொண்டிருக்கும் யாராவது ஒரு பையன் கண்ணில் பட இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ரெஜினா எழுந்து தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து, முக்காலிக்குக் கேட்காதபடி கிசுகிசுத்தாள்.

"போன கீழ வை, ஸ்டான்லி."

"கோயில்ல மணி அடிக்கணுமேக்கா. ஃபாதருக்குச் சொல்லணும்" என்று அவரும் கிசுகிசுத்தார்.

"அவரு இன்னும் சாவல."

மாமா கட்டிலை மறுபடியும் பார்த்தார்.

"மேட்ச் முடிஞ்சப்புறம் சாவாரு" என்றாள் ரெஜினா. "அதுவரைக்கும் இப்டி ஒக்காரு."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்டான்லி மாமா ஒரு சாவு வீட்டில் செய்வதற்கு வேலை இல்லாமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். கைப்பேசியை அக்காவிடமே கொடுத்துவிட்டார். ரெஜினா அதை மடியில் போட்டுக்கொண்டு, புருஷனுடைய தாடையை உயர்த்திப் பிடித்தபடி கட்டில் விளிம்பில் இருந்தாள். தாடையைக் கட்ட வேண்டிய வெள்ளைத் துணியைத் தேட அலமாரியைத் திறந்தால் கிரீச்சிடும். அது மைதானத்துக்குக் கேட்கும் என்று அவள் பயந்தாள்.

கால் மணி நேரம் போயிற்று. நாலு பேரை மாற்றியாகிவிட்டது. கோல் விழவில்லை. கலைவாணனின் குரல் தாழ்ந்து வந்தது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுகிறான் என்று தெரிந்தது.

"ஜெசியக்கா, சாரக் கேளு. சாம எறக்கட்டா? பத்து நிமிசம்தான் கீது. பெஞ்சமினுக்கு மூச்சு வாங்குது, அவனத் தூக்கிட்டு இவனப் போட்டா ஒரு கோலாச்சும் அடிச்சிருவான். சாரு என் முட்டிய நெனச்சிதான் வேணான்னுவாரு. அது எனக்குத் தெரியும். அந்த முட்டிக்காரனே எறக்கச் சொல்றான்னு சொல்லு."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. அப்போது மூன்று பேரைத்தான் மாற்றலாம். கோப்பைக்கான ஆட்டம். ஏசுபாதம் துணிந்து மூன்று பேரையும் எழுபதாவது நிமிஷத்துக்குள் இறக்கிவிட்டார். அடுத்த ஐந்தாவது நிமிஷம், படாளத்து விவசாயி மகன் கலைவாணன், போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகிக்கொண்டிருந்த பையன், முட்டியில் அடிபட்டு விழுந்தான். வெளியே வந்தால் பத்துப் பேராகிவிடும் என்று எழுந்து நின்றான். மீதி ஆட்டம் முழுக்க அந்தக் காலோடு ஓடினான். கோப்பை வந்தது. முட்டி போயிற்று. இரண்டு ஆபரேஷனுக்கும் அது சரியாகவில்லை. கல்லூரி வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் அந்தக் கோப்பை இன்னும் இருக்கிறது. ஏசுபாதம் அந்த வழியாகப் போகாமல் பின்வாசல் வழியாகவே மைதானத்துக்குப் போய்வருவார். நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்று கலைவாணனை உதவிக் கோச்சாக்கினார்.

ஜெசிந்தா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் மழித்துவிட்ட முகம். காதோரம் ஒரு சின்னக் கீற்று நுரை காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. போடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா பெயரால் சாம் இறங்குவான், ஒருவேளை ஜெயிப்பார்கள், பத்திரம் சார் கடைசி ஆட்டத்தில் துணிந்துவிட்டார் என்று ஊர் பேசும். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

ஐந்து கோல் வாங்கிக்கொண்டு வந்த அன்று அவர் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றியது நினைவுக்கு வந்தது. "ஒண்ணு வாங்கினாலும் தோல்விதான், அஞ்சு வாங்கினாலும் தோல்விதான். என் பேருதானே கெடுது, கெடட்டும், கெடட்டும்." அப்படிச் சொன்னவரையா பயந்தாங்கொள்ளி என்றோம்? கோப்பையை, வேலையை, பெயரை எல்லாம் கூசாமல் வைத்து ஆடியவர். அவை அவருடையவை. பையன்களின் கால் அவருடையது இல்லை. அதை மட்டும் அவர் ஆட்டத்தில் வைக்கமாட்டார். ஒரு தடவை வைத்தார், அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் யார் சிரித்தாலும் பெஞ்சில் ஒரு ஆளை மிச்சம் வைத்துக்கொண்டே நின்றார். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அப்பாவை நினைத்து அவளுக்குப் பெருமையாக இருந்தது. இதை அவர் காதில் விழும்படி சொல்ல முக்கால் மணி நேரம் முன்னால் தோன்றியிருக்கக் கூடாதா என்றும் இருந்தது.

"கலை" என்றாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். "சாமத் தொடாத. வாசுவ மேல ஏத்து. பின்னால மூணு பேரு போதும்னு சொல்றாரு."

கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவள் நினைத்ததைவிட நேரமாயிற்று.

"சரிக்கா" என்றான் கலைவாணன்.

எண்பத்தாறாவது நிமிஷம் கார்னர் பந்து ஒன்று உயரமாக வந்தது. ஊமைக்கோட்டான் வாசுதேவன் தலையால் முட்டி உள்ளே அனுப்பினான். முக்காலி அதிர்கிற மாதிரி சத்தம் வந்தது. ரெஜினா பயந்துபோய் மகளைப் பார்த்தாள். ஜெசிந்தா ஒற்றை விரலைக் காட்டித் தலையசைத்தாள். தாடையைப் பிடித்திருந்த கையை எடுக்காமலே ரெஜினா குனிந்து புருஷன் நெற்றியில் தன் நெற்றியை வைத்தாள்.

ஆட்டம் முடிய இன்னும் மூன்று நிமிஷம்கூட இல்லை. பின்னால் நின்ற பெஞ்சமினும் எதிரணி ஆள் ஒருவனும் ஒரே பந்துக்கு எகிறி மண்டையும் மண்டையும் மோதிக்கொண்டார்கள். கலைவாணன் பேச்சை நிறுத்திவிட்டு ஓடுகிற சத்தம் கேட்டது, ஒரு கால் அழுத்தி ஒரு கால் இழுத்து. "சார், ஆடறேன் சார், ஒண்ணும் இல்ல சார்" என்று ஒரு பையன் அழுதான். "எழுந்துக்காத. எத்தன வெரலு? டேய், எத்தன வெரலு சொல்லு." பிறகு, "சாம், வாடா. உள்ள போ."

கோல் போடப் பிறந்த பையன் பின்னால் நின்று தடுக்க வேண்டியதாயிற்று. அவனுக்கு அந்த இடம் பழக்கமில்லை. கடைசி நிமிஷம் அவன் பக்கமாகத்தான் ஆள் புகுந்தான். கோல். நீண்ட விசில்.

முக்காலியில் மூச்சிரைப்பு கேட்டது.

"தோத்துட்டோம்க்கா. ரெண்டுக்கு ஒண்ணு." கொஞ்சம் பொறுத்து, "பெஞ்சமின் எழுந்து நடக்கறான். ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துடறோம். எல்லாரும் அவனவன் கால்ல நடந்து வெளிய வர்றானுங்க" என்றான்.

எந்த ஆட்டம் முடிந்தாலும் கோல் கணக்கைக் கேட்பதற்கு முன்னால் ஏசுபாதம் கேட்கிற கேள்விக்கு அதுதான் பதில். யாரும் கேட்காமலே கலைவாணன் பதில் சொல்லிவிட்டான்.

"கலை... அப்பா..."

"தெரியும்க்கா."

ஜெசிந்தா முக்காலியிலிருந்து கைப்பேசியைக் கையில் எடுத்தாள்.

"வாசுவ மேல ஏத்துன்னு ஒரு வாட்டிதானே சொன்ன" என்றான் அவன். "சாரு ஒரு வாட்டி சொல்லி நான் கேட்டதே இல்ல. அப்பவே தெரியும். ஆனா சாரு சொல்றதத்தான் நீ சொன்ன. நான் வெச்சிடறேன். பசங்களுக்கு நான் சொல்லிக்கறேன்."

அழைப்பு நின்றது. ரெஜினா மகளின் முகத்தைப் பார்த்தாள். வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். அது கசங்கி எச்சிலில் நனைந்திருந்தது.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சும்மா."

மடியிலிருந்த கைப்பேசியை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அந்தத் தெருவே ஓடி வந்தது. கொஞ்ச நேரத்தில் கோயில் மணி விட்டுவிட்டு ஒலிக்கத் தொடங்கியது. ஸ்டான்லி மாமா அந்தத் தேதியை எழுதும்போது இரண்டு தடவை தப்பாக எழுதினார்.

ஏழு மணிக்குக் கல்லூரி வேன் தெருமுனையில் வந்து நின்றது. சாமியானாவுக்குக் கீழே ஐஸ் பெட்டிக்குள் ஏசுபாதம் மழித்த முகத்தோடு படுத்திருந்தார். பையன்கள் ஆட்டச் சட்டையிலேயே வந்தார்கள். ஷூவை எல்லாம் வெளியே கழற்றிவிட்டு, மண் அப்பிய காலுறையோடு ஒருவர் பின் ஒருவராகப் போய்ப் பெட்டியைத் தொட்டார்கள். பெஞ்சமின் நெற்றியில் தையல் போட்டு வெள்ளைக் கட்டு. சாம் பெட்டியின் மேல் கவிழ்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்றான். வாசுதேவன் அவனைத் தூக்கி அணைத்துக்கொண்டு போனான். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ரெஜினா யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒவ்வொருவன் காலையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாகக் கலைவாணன் வந்தான். பெட்டியின் மேல் கை வைத்து நெடுநேரம் நின்றான். பிறகு போய் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். வலது கால் நீட்டியபடியே நின்றது. வருகிறவர்கள் அதில் இடறாமல் இருக்க அவன் அதைக் கையால் தூக்கித் தூக்கி ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

ரெஜினா எழுந்தாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் வழிவிட்டார்கள். அவள் உள்ளே போனாள். மருந்துப் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கலைவாணனின் வலது காலுக்குக் கீழே அதைத் தள்ளினாள். ஆடுகிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.